கால் விறைப்புக்கு எத்தனை போத்தல்?

சனிக்கிழமை பின்னேரம் பென்டில் ஹில் கடைத்தெருவில் முருங்கைக்காயும் இடியப்ப மாவும் வாங்கக் கூடுகிற எங்கட ஆட்கள் கதைக்கிற கதைகளில் ஒன்று நிச்சயம் கால் பற்றியதாக இருக்கும். "இரவில பாதம் எரியுது, போர்வை பட்டாலும் ஏலாது" என்று ஒருவர் சொல்வார். "எனக்கு எரிவில்லை, விறைப்பு. செருப்புக் கழண்டு போனாலும் தெரியாது" என்பார் இன்னொருவர். அதற்குப் பிறகு வருகிற கேள்வியும் மாறாது: "நீங்கள் என்ன எடுக்கிறியள்?"

ஒருவர் பார்மசியில் அரை விலைக்குப் போட்ட பி கொம்ப்ளெக்ஸ் என்பார். ஒருவர் மக்னீசியம் என்பார். ஒருவருக்குக் கொழும்பிலிருந்து மருமகன் கொண்டுவந்த 'நரம்புக் குளிசை'. இன்னொருவர் மகளைக் கொண்டு இணையத்தில் அமெரிக்காவிலிருந்து எடுப்பித்த அல்ஃபா லிப்போயிக் அசிட். இவை எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கிறவர்களும் உண்டு. நல்லது என்று நினைத்துத்தான் எடுக்கிறார்கள். விற்றமின்தானே, என்ன செய்யப் போகிறது என்பது பொதுவான எண்ணம். இந்தக் கட்டுரை அந்த எண்ணத்தைப் பற்றியது. நான் டொக்டர் இல்லை. வீட்டில் சீனி வருத்தக்காரர் பலர் இருப்பதால் இதைத் தேடி வாசித்து, கேட்டு, போத்தல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் வருத்தம் என்னவென்று சுருக்கமாகப் பார்ப்போம். இரத்தத்தில் சீனி பல வருடம் கூடி நிற்கும்போது நரம்புகளும், அவற்றுக்கு இரத்தம் கொண்டுபோகிற மிக நுண்ணிய குழாய்களும் பழுதடைகின்றன. உடம்பில் மிக நீளமான நரம்புகள் முள்ளந்தண்டிலிருந்து கால்விரல் வரை போகிறவை. ஆகவே பழுது அங்கேதான் முதலில் தெரியும். விரல் நுனியில் தொடங்கி, சொக்ஸ் போட்ட மாதிரி இரண்டு காலிலும் ஒரே அளவில் மேலே ஏறும். சென்னையில் நீரிழிவுக்காரரிடம் நடத்திய 'கியூர்ஸ்' ஆய்வில் நூற்றுக்கு 26 பேருக்கு இந்த நரம்புப் பழுது இருந்தது. எரிவும் குத்தலும் உள்ளவர் டொக்டரிடம் போவார். ஆனால் நரம்புப் பழுது உள்ளவர்களில் பாதிப்பேர் வரைக்கும் நோவே இருக்காது. உணர்ச்சி மட்டும் மெல்ல மெல்லப் போகும். ஆபத்து அவர்களுக்குத்தான் கூட, ஏனென்றால் நோகாத காலை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

இன்னொரு விசயம். சீனி வருத்தம் உள்ளவருக்குக் கால் விறைத்தால் அது சீனியால்தான் என்று நாங்களே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். பி12 குறைவு, தைரொயிட், சிறுநீரகப் பழுது, முள்ளந்தண்டு நெரிவு, மதுப் பழக்கம் எல்லாவற்றாலும் கால் விறைக்கும். ஒரே ஆளுக்கு இரண்டு காரணம் சேர்ந்தும் இருக்கலாம். அதில் பி12 எங்கட சமூகத்துக்கு மிகவும் பொருந்துவதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சீனி வருத்தத்துக்கு டொக்டர்மார் முதலில் எழுதுகிற குளிசை மெட்போமின். மலிவு, நல்ல மருந்து, பல பத்தாண்டு அனுபவம் உள்ளது. ஆனால் அது சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. நெதர்லாந்தில் இன்சுலின் எடுக்கிற 390 பேரை நாலு வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்து, 2010 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மெட்போமின் எடுத்தவர்களின் பி12 அளவு, வெறும் மாக்குளிசை எடுத்தவர்களை விட 19 வீதம் தாழ்ந்திருந்தது. காலம் போகப் போக இறக்கமும் கூடியது. 2022 ஜூனில் பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மெட்போமினால் பி12 குறைவது பத்தில் ஒருவர் வரைக்கும் நேரக்கூடிய பொதுவான பக்கவிளைவு என்று அறிவித்து, அறிகுறி உள்ளவர்களுக்குப் பரிசோதனை செய்யும்படி டொக்டர்மாருக்குச் சொன்னது.

இதோடு எங்கட சாப்பாட்டைச் சேர்த்துப் பாருங்கோ. பி12 இயற்கையில் கிடைப்பது மீன், இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றில்தான். மரக்கறியில் இல்லை, பருப்பில் இல்லை, கீரையில் இல்லை. ஊரில் கிழமைக்கு நாலு நாள் மீன் சாப்பிட்ட ஆட்கள் இங்கே வந்து, வயது போக, கோயில் விரதம் என்று தொடங்கி, முழுச் சைவமாகிவிடுகிறார்கள். பேரப்பிள்ளை பிறந்த கையோடு மச்சத்தை விட்டவர்கள் எத்தனை பேர்! பாலும் தேத்தண்ணிக்கு விடுகிற அளவுதான். போதாததற்கு நெஞ்செரிவுக்கு ஒமெப்ரசோல், பன்டொப்ரசோல் என்று வருடக்கணக்காகப் போடுகிற குளிசையும் பி12 உறிஞ்சலைக் குறைக்கும். மெட்போமின், சைவம், நெஞ்செரிவுக் குளிசை மூன்றும் ஒன்றாக இருக்கிற வீடுகள் பென்டில் ஹில்லிலும் வென்ட்வர்த்வில்லிலும் டூங்காபியிலும் தெருவுக்குத் தெரு இருக்கும் என்று நான் துணிந்து சொல்வேன்.

ஈரலில் பி12 சில வருடங்களுக்குச் சேமிப்பில் இருக்கும். அதனால் குறைவு உடனே தெரியாது. இரத்தச்சோகை வந்தால்தான் பி12 குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, இரத்தம் சரியாக இருக்கும்போதே நரம்பு பழுதாகலாம். போலிக் அசிட் தனியாக எடுக்கிறவர்களுக்கு இரத்தச்சோகை மறைந்து, நரம்புப் பழுது மட்டும் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும். அது காலோடு நிற்பதும் இல்லை. முள்ளந்தண்டு, நடை, ஞாபகசக்தி வரைக்கும் போகும். காலத்தோடு கண்டால் ஊசியாலோ குளிசையாலோ நிறுத்தலாம், பெரும்பாலும் திருத்தவும் செய்யலாம்.

ஆக, சீனியால் வருகிற கால் விறைப்புக்கு விற்கிற விற்றமின்களில் உண்மையான வேலை உள்ள ஒன்றைச் சொல்லச் சொன்னால் பி12 தான். அதுவும் குறைவு உள்ளவருக்கு. கிரேக்கத்தில் மெட்போமின் குறைந்தது நாலு வருடம் எடுத்து, பி12 தாழ்ந்து, நரம்புப் பழுதும் உள்ள 90 பேருக்கு ஒரு வருடம் தினமும் 1000 மைக்ரோகிராம் கொடுத்துப் பார்த்து 2021 இல் முடிவை வெளியிட்டார்கள். நோவும் நரம்புப் பரிசோதனைகளும் மாக்குளிசை எடுத்தவர்களை விடத் தேறின. சின்ன ஆய்வுதான். குறைவு உள்ளவருக்குக் குறைந்ததைக் கொடுத்தால் பலன் வரும் என்பது அதில் தெரிகிறது. பி12 போதுமான அளவு உள்ளவர் மேலும் மேலும் போட்டால் சீனியால் பழுதான நரம்பு திரும்பும் என்பதற்கு நல்ல சான்று இல்லை.

இப்போது பி6. பெயரில் ஒரு இலக்கம்தான் வித்தியாசம், ஆனால் கதை தலைகீழ்.

பி6 நரம்புக்குத் தேவையான விற்றமின், அதில் சந்தேகமில்லை. வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 1.3 முதல் 1.7 மில்லிகிராம். மீன், கோழி, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், கடலை என்று சாதாரணச் சாப்பாட்டிலேயே இது கிடைத்துவிடும். ஆனால் கூடினால் அதே பி6 நரம்பைப் பழுதாக்கும். இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1983 இல் அமெரிக்காவில் ஏழு பேர் பற்றி எழுதினார்கள். தினமும் இரண்டு முதல் ஆறு கிராம் வரை எடுத்து நடக்க முடியாமல் போனவர்கள். அது பெரிய அளவு, நாங்கள் அப்படி எடுப்பதில்லை என்று உலகம் கொஞ்ச நாள் ஆறுதலாக இருந்தது. பிறகுதான் சின்ன அளவுகளிலும், நீண்ட காலம் எடுத்தவர்களுக்கு வருகிறது என்று தெரியவந்தது.

இதில் அவுஸ்திரேலியா முன்னுக்கு நிற்கிறது. எங்கட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான டி.ஜி.ஏ. 2022 இல் விதியை இறுக்கியது. நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் பி6 தருகிற ஒவ்வொரு போத்தலிலும் நரம்புப் பழுது பற்றிய எச்சரிக்கை இருக்கவேண்டும், வளர்ந்தவருக்கான உச்ச அளவு 200 இலிருந்து 100 மில்லிகிராமாகக் குறையவேண்டும் என்றது. அதற்குப் பிறகும் முறைப்பாடுகள் வந்துகொண்டே இருந்தன. 50 மில்லிகிராமுக்குக் குறைவாக எடுத்தவர்களும் அதில் இருந்தார்கள். அதனால் அடுத்த கட்டமாக, 2027 இலிருந்து நாளொன்றுக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் உள்ளவை தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போகிற பொருளாக இருக்காது. பார்மசிஸ்டிடம் கேட்டுத்தான் வாங்கவேண்டும். ஐரோப்பாவில் இன்னும் கடுமை. அங்கே உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023 இல் வளர்ந்தவருக்கான பாதுகாப்பான மேல் எல்லையை 25 இலிருந்து 12 மில்லிகிராமாக இறக்கிவிட்டது.

பி6 கூடினால் என்ன செய்யும் என்று கேளுங்கோ. கால்விரலில் கூச்சம், எரிவு, விறைப்பு, கையிலும் வரும், நடையில் தள்ளாட்டம். சீனியால் வருகிற நரம்புப் பழுதுக்கும் இதுதான் அறிகுறி. இரண்டையும் ஆளைப் பார்த்துப் பிரிக்க ஏலாது. கால் விறைக்குது எண்டு ஒரு குளிசை. அந்தக் குளிசையால் விறைப்புக் கூடுது. கூடினபடியால் இன்னும் 'பலமான' ஒரு குளிசை. கால் மோசமாகிக்கொண்டு போவது சீனியின் வேலை என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். போத்தலை யாரும் சந்தேகப்படுவதில்லை.

இது நான் கற்பனையாகச் சொல்வதில்லை. என்னுடைய மாமி ஒருவர் பென்டில் ஹில்லில் மகனோடு இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது, மெட்போமின் பதினாலு வருடம், மாமா போன பிறகு முழுச் சைவம். பாதம் விறைக்கத் தொடங்கி இரண்டு வருடத்தில் கை விரலுக்கும் வந்தது. சட்டைப் பொத்தான் பூட்டக் கஷ்டப்பட்டார். குசினி அலுமாரியில் அவருடைய குளிசைகளை ஒருநாள் மச்சானும் நானுமாக மேசையில் எடுத்து வைத்து, பி6 எவ்வளவு என்று ஒரு கடதாசியில் கூட்டினோம். பி கொம்ப்ளெக்ஸில் 50. இரவில் கெண்டைக்கால் பிடிக்கிறது என்று எடுத்த மக்னீசியத்தில் 50. ஊரிலிருந்து வந்த நரம்புக் குளிசையில் 100. நாளொன்றுக்கு 200 மில்லிகிராம். ஒவ்வொரு போத்தலும் தனித்தனியாகப் பார்த்தால் 'ஒரு நாளைக்கு ஒன்று' என்று நல்ல பிள்ளையாக நிற்கிறது. கூட்டினால்தான் கணக்குத் தெரியும். "மக்னீசியத்துக்குள்ள ஏன் பி6 போட்டவங்கள்?" என்று மாமி கேட்டார். நியாயமான கேள்விதான். மக்னீசியம், தூக்கக் குளிசை, எனர்ஜி பானம், மாதவிடாய்க் குளிசை, சில காலைச் சீரியல் என்று எத்தனையோ பொருட்களில் அதைச் சேர்க்கிறார்கள்.

லேபலில் தேடும்போது 'பி6' என்ற எழுத்தை மட்டும் தேடாதீர்கள். பிரிடொக்சின் என்றும் இருக்கும், பிரிடொக்சல் பொஸ்பேட் என்றும் இருக்கும். இரண்டாவதை 'உடம்புக்கு உடனே சேர்கிற வடிவம்' என்று கூட விலைக்கு விற்கிறார்கள். நரம்புப் பழுது விசயத்தில் அதற்கும் விலக்கு இல்லை.

சூட்கேஸில் வருகிற குளிசைகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே பெயர், நாட்டுக்கு நாடு வேறு சரக்கு. எங்கள் எல்லோருக்கும் தெரிந்த நியூரோபியனையே எடுங்கோ. இந்தியாவில் விற்கிற நியூரோபியன் போர்ட்டில் பி6 3 மில்லிகிராம். சிங்கப்பூர் போன்ற இடங்களில் அதே பெயரில் விற்கிற குளிசையில் 200. அறுபது மடங்குக்கு மேல் வித்தியாசம்! சென்னையில் அக்கா எடுக்கிறா, ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லி சிங்கப்பூர் விமான நிலையத்தில் வாங்கிக்கொண்டு வந்தால் அது வேறு பொருள். பெட்டியின் நிறத்தைப் பார்த்து வாங்காமல் பின்பக்கத்து இலக்கத்தை வாசிக்கவேண்டும்.

இங்கே விற்கிற போத்தல்களிலும் ஒன்றைக் கவனியுங்கோ. முன்பக்கத்தின் அடியில் 'அவுஸ்ட்' என்ற சொல்லுக்குப் பின் 'எல்' என்றோ 'ஆர்' என்றோ ஒரு எழுத்தும் இலக்கமும் இருக்கும். 'ஆர்' என்றால் அந்த மருந்து வேலை செய்கிறதா என்று விற்பனைக்கு முன்பே டி.ஜி.ஏ. ஆராய்ந்திருக்கிறது. விற்றமின், மூலிகைக் குளிசைகளில் பெரும்பாலானவை 'எல்'. அதாவது பட்டியலில் இருக்கிறது. உள்ளே போடுகிற பொருட்கள் அனுமதிக்கப்பட்டவை, தயாரிப்பு முறை சரி. ஆனால் அது வேலை செய்யும் என்பதற்கான சான்றைக் கொம்பனி தன்னிடம் வைத்திருந்தால் போதும், டி.ஜி.ஏ. அதை முன்கூட்டியே பார்ப்பதில்லை. 'நரம்பு ஆரோக்கியத்துக்கு உதவும்' என்ற வசனத்துக்குப் பின்னால் இருப்பது அவ்வளவுதான். பல வருடமாக நானும் அரசாங்கம் பார்த்துத்தானே விட்டிருக்கும் என்று நினைத்த ஆட்களைத்தான் கண்டிருக்கிறேன்.

அல்ஃபா லிப்போயிக் அசிட் பற்றிக் கேட்பவர்கள் கூட. ஜெர்மனியில் நீண்ட காலமாகவே டொக்டர்மார் இதை நரம்புப் பழுதுக்குக் கொடுத்து வருகிறார்கள், ஆகவே வெறும் கடைச் சரக்கு என்று தள்ள முடியாது. இதற்கான பிரபலமான ஆய்வின் பெயரே 'சிட்னி'. பெயரைப் பார்த்து இங்கே வெஸ்ட்மீட்டில் செய்தது என்று ஒருவர் எனக்கு விளங்கப்படுத்தினார். அதற்கும் எங்கட சிட்னிக்கும் சம்பந்தமில்லை. ஆங்கிலச் சொற்களின் எழுத்துகளைக் கோத்து வைத்த பெயர் அது. ஆய்வு நடந்தது ரஷ்யாவில், 120 பேரிடம், 2003 இல் வெளிவந்தது. அதுவும் குளிசையாக இல்லை, நாளத்தில் ஏற்றின மருந்து. நோவும் எரிவும் குறைந்தன. 2006 இல் வந்த இரண்டாவது 'சிட்னி' ஆய்வில் 181 பேருக்குக் குளிசையாகக் கொடுத்தார்கள். ஐந்து கிழமையில் பலன் தெரிந்தது. 600 மில்லிகிராமுக்கு மேல் கூட்டினால் பலன் கூடவில்லை, வயிற்றுப் பிரட்டல்தான் கூடியது.

ஐந்து கிழமை நல்லது. ஐந்து வருடம்? 460 பேரை நாலு வருடம் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று 2011 இல் வந்தது. முதன்மையாகப் பார்க்க வைத்திருந்த அளவுகோலில் மருந்துக்கும் மாக்குளிசைக்கும் வித்தியாசம் இல்லை. 2024 இல் கொக்ரேன் குழுவினர் குறைந்தது ஆறு மாதம் நடந்த ஆய்வுகளை, மொத்தம் 816 பேர், சேர்த்துப் பார்த்து, ஆறு மாத முடிவில் அறிகுறிகளில் அநேகமாக வித்தியாசம் இல்லை அல்லது மிகக் குறைவு என்று எழுதினார்கள். ஆக என் அபிப்பிராயம்: டொக்டருக்குச் சொல்லி, சில மாதம் போட்டுப் பார்த்து, எரிவு குறைந்தால் சரி, குறையாவிட்டால் நிற்பாட்டலாம். இன்சுலின் எடுக்கிறவர்கள் மட்டும் சீனி இறங்குகிறதா என்று கவனமாக இருக்கவேண்டும். ஜப்பானில் இதை எடுத்த சிலருக்கு உடம்பு இன்சுலினுக்கு எதிரான பொருளை உருவாக்கி, சீனி ஆபத்தாக இறங்கியிருக்கிறது.

அசிட்டில் கார்னிட்டின், பென்போதையமின், மாலைப் பொன்னந்தி எண்ணெய் என்று பட்டியல் நீளும். ஒன்றுக்கும் நம்பித் தூக்கிக் கொடுக்கிற அளவுக்குச் சான்று இல்லை, பணச் செலவு மட்டும் நிச்சயம். தலைமயிருக்கு என்று எடுக்கிற பயோட்டின் பற்றி ஒரு வார்த்தை: அது தைரொயிட் பரிசோதனையையும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கிற இரத்தப் பரிசோதனையையும் பிழையாகக் காட்டவைக்கும். இரத்தம் கொடுக்கப் போகும் முன் டொக்டரிடம் சொல்லுங்கோ.

ஆயுர்வேத, சித்த குளிசைகளைப் பற்றி எழுதினால் கோபப்படுவோர் உண்டு. வைத்திய முறையைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. 2008 இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வில், இணையத்தில் வாங்கின 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தார்கள். ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் இவற்றில் ஏதாவது இருந்தது. ஈயமும் ஆர்செனிக்கும் நரம்பைப் பழுதாக்குகிற நஞ்சுகள். நரம்புக்கு என்று வாங்குகிற பொடியில் அது இருந்தால் எப்படி? லேபல் இல்லாத பொட்டலத்தில் வருகிற எதையும், கொண்டுவந்தவர் எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்றாலும், விழுங்கத் தேவையில்லை.

எரிவுக்கு அப்போ என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். அதற்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. அமிட்ரிப்டிலின், டுலொக்செட்டின், பிரகபலின் ஆகியவை. முதல் இரண்டும் மனச்சோர்வுக்கும் கொடுக்கிற மருந்துகள் என்பதால், "எனக்கு விசர் எண்டு டொக்டர் நினைக்கிறாரோ" என்று பெட்டியைத் திறக்காமலே வைத்திருக்கிற ஆட்கள் எங்களிடம் உண்டு. அப்படியில்லை, நரம்பு அனுப்புகிற நோவுச் சமிக்ஞையை அவை அடக்குகின்றன. பிரித்தானியாவில் 130 பேரிடம் இந்த மூன்றையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2022 இல் லான்செட்டில் வந்தது. எதில் தொடங்கினாலும் நிவாரணம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று போதாதபோது இரண்டைச் சேர்த்தால் இன்னும் குறைந்தது. நித்திரைத் தூக்கம், தலைச்சுற்று வரும். வயதானவர்கள் இரவில் எழும்பும்போது விழாமல் பார்க்கவேண்டும். இவை நரம்பைத் திருத்தாது, நோவைத்தான் குறைக்கும். இன்னொன்று எங்கட மிளகாய்! அதன் உறைப்புப் பொருளான கெப்சேசின் கொண்ட ஒட்டுப் பட்டையை 2020 இல் அமெரிக்காவில் சீனியால் வருகிற பாத நோவுக்கு அனுமதித்தார்கள். அதற்காக யாரும் வீட்டுத் தூளைக் குழைத்துப் பூசவேண்டாம், விறைத்த கால் வெந்துபோகும்.

நரம்புப் பழுது மேலும் போகாமல் தடுக்க நிரூபணமானது சீனிக் கட்டுப்பாடுதான். முதலாம் வகைக்காரரில் கடுமையான கட்டுப்பாடு நரம்புப் பழுதை 60 வீதம் குறைத்ததை 1993 இல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. எங்களில் கூடுதலாக உள்ள இரண்டாம் வகைக்கு அந்தப் பலன் சிறியது. அதனால்தான் குளிசையை விடக் காலைப் பார்ப்பது முக்கியம் என்கிறேன். போடியாட்ரிஸ்ட் ஒரு மெல்லிய நைலோன் நாரைப் பாதத்தில் அழுத்திப் பார்ப்பார். 10 கிராம் அழுத்தம் தெரியவில்லை என்றால் கல் குத்தினாலும் தெரியாது. அப்படியானவர் வெறுங்காலோடு நடக்கக்கூடாது.

இங்கேதான் எங்கட ஆட்களோடு இழுபறி. வீட்டுக்குள் செருப்புப் போடுவதில்லை. கோயிலுக்குள் போடவே முடியாது. மேற்குச் சிட்னியின் கோடை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். 2020 ஜனவரி 4 பென்ரித்தில் 48.9 பாகை. அப்படியான நாளில் மேய்ஸ் ஹில் முருகன் கோயில் வீதியைச் சுற்ற ஒரு விறைத்த பாதம் இறங்கினால், வெந்தது வீட்டுக்கு வந்து படுக்கையில் ஈரம் பட்டபிறகுதான் தெரியும். சொக்ஸ் போட்டுக்கொண்டு உள்ளே போவதில் குற்றமில்லை, முருகன் கோவிக்கமாட்டார். குளிர்காலத்தில் ஹீட்டருக்குக் கிட்டக் காலை நீட்டுவதும், சுடுதண்ணிப் பையும் இதே ரகம். தண்ணிச் சூட்டை முழங்கையால் பார்த்துவிட்டுக் காலை வையுங்கோ.

மாமியின் கதையை முடித்துவிடுகிறேன். போத்தல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு ஜீபியிடம் கொண்டுபோனோம். அவர் இரத்தத்தில் பி12, பி6 இரண்டையும் பார்க்க எழுதினார். பி12 தாழ்ந்திருந்தது, பி6 எல்லைக்கு மேல் நின்றது. பி6 உள்ளதெல்லாம் நிறுத்தம். பி12 ஊசி முதலில் அடுத்தடுத்து, பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று. மெட்போமினை நிறுத்தவில்லை, நிறுத்தவும் தேவையில்லை. தயவுசெய்து இதை வாசித்துவிட்டு யாரும் தாங்களாக மெட்போமினை விடவேண்டாம். எட்டு மாதத்தில் கைவிரல் நன்றாகத் தேறியது. இப்போது பொத்தான் தானே பூட்டுகிறார். பாத எரிவு பாதியாகிவிட்டது. கால் பெருவிரல் விறைப்பு அப்படியேதான் இருக்கிறது, அது சீனியின் பங்கு என்று டொக்டர் சொன்னார். எது ஊசியால் தேறியது, எது குளிசையை விட்டதால் தேறியது என்று பிரித்துச் சொல்ல அவராலும் முடியவில்லை.

அம்மா அப்பாவுக்கு இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு இந்த நாட்டில் வழிகள் இருக்கின்றன, பலர் கேட்பதில்லை. ஜீபி எழுதிக் கொடுத்தால் பார்மசிஸ்ட் ஒருவர் வீட்டுக்கே வந்து அலுமாரியில் உள்ள எல்லாக் குளிசையையும், ஊரிலிருந்து வந்ததையும் சேர்த்து, பார்த்து அறிக்கை எழுதுவார். காசில்லை. நாட்பட்ட வருத்தத்துக்கான திட்டம் ஒன்றை ஜீபி போட்டுக் கொடுத்தால், போடியாட்ரிஸ்ட் போன்றவர்களிடம் வருடத்துக்கு ஐந்து முறை வரை மெடிகேர் உதவியோடு போகலாம். அம்மாவுக்கு ஆங்கிலம் கஷ்டம், எனக்கு வேலை என்றால், 131 450 என்ற இலக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், ஜீபி கிளினிக்கே எடுத்துத் தரும். போகும்போது மூன்று கேள்வியைக் கடதாசியில் எழுதிக் கொடுத்துவிடுங்கோ: எத்தனை வருடமாக மெட்போமின், கடைசியாக பி12 எப்போது பார்த்தது, எல்லாப் போத்தலிலும் சேர்த்து பி6 எவ்வளவு. சொக்ஸைக் கழற்றிக் காலைக் காட்டச் சொல்லவும் மறக்கவேண்டாம். வெட்கத்தில் காட்டமாட்டார்கள்.